அம்பாசடர் எஞ்சின் கட்டியதும் கார்புரேட்டரில் வெடிக்கிறதா? காயிலுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். வீட்டிலேயே எஞ்சினைப் பிரித்து ரிங், பேரிங் மாற்றிக் கட்டியது. செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றும். ஸ்டார்ட் ஆகாது, கார்புரேட்டர் வாயில் 'டப்'பென்று வெடிக்கும். இழுத்துக்கொண்டு போன ஒர்க்‌ஷாப்பில் புதுக் காயில், கண்டென்சர், கார்புரேட்டர் கிட், லேபர் என்று 9,800 ரூபாய் பில். "நல்லவேளை, ஹெட்டை இறக்காம முடிஞ்சுது" என்று ஆறுதல் வேறு!

வண்டி இப்போது ஓடுகிறது. ஏன் என்பது, ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியிலேயே இருக்கிறது. பிளக் வயர்களில் வீட்டில் ஒட்டிய நம்பர் டேப் அப்படியே இருக்க, 1-ம் 4-ம் இடம் மாறியிருக்கின்றன. 2-ம் 3-ம் அதேபோல் இடம் மாறியிருக்கின்றன. பழைய காயிலைக் கேட்டு வாங்கி மாட்டினால் அதிலும் ஓடுகிறது. ஐந்து நிமிட வேலை, மற்றதெல்லாம் வேஷம்.

நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். புல்லி மார்க்கும் இரண்டு தடவை நேராகும். எக்ஸாஸ்ட் முடியும் தடவையை நம்பி டிஸ்ட்ரிப்யூட்டரைச் சுற்றும் தண்டைப் பூட்டினால், இன்டேக் வால்வு திறக்கும் நேரத்தில் ஸ்பார்க் விழுந்து நெருப்பு கார்புரேட்டர் பக்கம் வரும். டிஸ்ட்ரிப்யூட்டரின் அடி நாக்கு நடுவிலிருந்து ஒதுங்கியிருப்பதால் திருப்பிப் போடவே முடியாது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். டிஸ்ட்ரிப்யூட்டரை முடியாது, சரி. அதைச் சுற்றும் கியர் தண்டைத் தாராளமாகத் திருப்பிப் போடலாம்.

பார்ப்பது எளிது. டாப்பெட் கவரைக் கழற்றி, புல்லி மார்க்கை நேராக வையுங்கள். நான்காம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்கினால், ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் ரோட்டார் அப்போது ஒன்றாம் வயரைக் காட்ட வேண்டும். நான்கைக் காட்டினால் கோளாறு அதுதான். செயின் புல்லிகளின் புள்ளிகள் எதிரெதிரே நிற்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், அது கேம் டைமிங்குக்கு மட்டும்.

முறையாகச் சரிசெய்ய, டிஸ்ட்ரிப்யூட்டரையும் அதன் ஹவுசிங்கையும் எடுத்துவிட்டு, 5/16 யூஎன்எஃப் நீள போல்ட்டைத் தண்டில் முறுக்கி வெளியே இழுத்து, அரைச் சுற்று திருப்பிப் போடுங்கள். பல் சாய்வாக இருப்பதால் இறங்கும்போது தண்டு கொஞ்சம் சுழலும். அதைக் கணக்கில் வைக்கவும்.

பிறகு முதலில் பாயிண்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடும் கான்டாக்ட்) கேப் 0.015 அங்குலம், அதற்குப் பிறகே டைமிங். கேப் கூடினால் டைமிங் முந்தும். காயிலின் பாயிண்ட் பக்கத்துக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு போட்டால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் எரியும். இந்த ஒர்க்‌ஷாப் கேப்பைத் தொடவே இல்லை, டிஸ்ட்ரிப்யூட்டரைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டும் தளர்வாகவே இருந்தது.

தண்டைத் தொடாமல் வயர் மாற்றத்திலேயே ஓட்டினாலும் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. மூடியில் பெயின்ட்டால் நம்பர் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மெக்கானிக் 'சரியாக' மாட்டிவிட்டு மறுபடி காயில் விற்பார்.