நெஞ்சுப் பட்டையா, கை வாட்ச்சா?

விழுகிற ஸ்கேலைப் பிடிக்கும் விளையாட்டில் அண்ணன் மகனிடம் தோற்றேன். "நெஞ்சு படபடத்தா கை எப்படி சித்தப்பா ஓடும்?" என்று கிண்டல் வேறு. அவன் சொன்னது துடிப்பின் வேகத்தை. எனக்கோ ஒரே துடிப்புக்குள் நடப்பதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது, பெருந்தமனியிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தக் கணத்தில் வெளியுலகின் மீதான கவனம் சற்று மங்கும் என்பது உளவியலாளர்களான ஜான், பியாட்ரிஸ் லேசி தம்பதியரின் கருத்து. பிறகு வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கை அசையும் நேரத்தில் வித்தியாசம் தெரிந்தவற்றிலும் அது சில மில்லி நொடிகள்தான்.

சுருக்கத்தின்போது கை மந்தமாகிறதா என்று வீட்டில் அளக்க எது வேண்டும்: நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டையா, அண்ணன் மகன் கட்டியிருக்கும் துடிப்பு காட்டும் வாட்ச்சா? விலை, சொகுசு இரண்டிலும் அவன் வாட்ச்சுக்கே வெற்றி. பட்டையை ஈரப்படுத்தி பனியனுக்குள் கட்ட வேண்டும். காரைக்குடி வெயிலில் வியர்வையே அந்த வேலையைப் பார்த்துவிடும். கழற்றியதும் அலசிக் காயவைக்காவிட்டால் உப்புப் படியும். வளவுக் கொடியில் தொங்கியதைப் பார்த்து அப்பத்தா, "யாருக்குடா இம்மாம் பெரிய அரைஞாண்?" என்றார்.

ஆனாலும் நான் வாங்கியது பட்டைதான். காரணம், நேரக்கணக்கு. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 800 மில்லி நொடி. அதில் சுருக்கம் 300 அளவில் முடிந்துவிடும். வாட்ச் பார்ப்பது மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்த ரத்தத்தை. இதயத்தின் மின்துடிப்புக்கு ஏறத்தாழ கால் நொடி கழித்து. அதற்குள் சுருக்கம் முடியப் போகிறது! அந்தத் தாமதமும் ஆளுக்கு ஆள், ரத்த அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். போதாக்குறைக்குத் திரையில் வருவது பல துடிப்புகளின் சராசரி. போலார் எச்10 போன்ற பட்டை மின்துடிப்பையே பிடிக்கிறது, நொடிக்கு 130 தடவை அளந்து. எந்தத் துடிப்பு எப்போது என்று சொல்லாத கருவியை வைத்து இந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது.

சரி, கிடைத்தது என்ன? ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் விளக்கு மாறும்போதெல்லாம் 400 தடவை தட்டினேன். சுருக்கத்தின்போது ஐந்து மில்லி நொடி மந்தம். விசைப்பலகையின் தடுமாற்றமே அந்த அளவு இருக்கும், அதுவும் சோதித்தது ஒரே ஆளை. அதனால் பந்தயம் கட்ட மாட்டேன். நடைப்பயிற்சிக்கு மட்டும் என்றால் வாட்ச்சே வாங்குங்கள்.