ஃபியட் 1100 வைத்திருப்பவர்களே, இன்ஜினை மாற்றச் சொல்லும் ஒர்க்ஷாப்பிடம் உஷார்

பழைய ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று ஏதாவது ஒன்றை ஷெட்டில் வைத்துக் காப்பாற்றி வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ரெஸ்டோரேஷன் என்று போர்டு மாட்டி, தினமும் பளபள ரீல்ஸ் போடும் ஒரு ஒர்க்ஷாப்பில் எங்கள் 1968 ஃபியட் 1100-ஐ ரிப்பேருக்கு விட்டோம். வேண்டாம் என்று எழுத்தில் சொன்ன பிறகும் அதன் ஒரிஜினல் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றி விற்றுவிட்டார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். போகட்டும், பெயரைவிட அவர்கள் பேசும் பேச்சைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உங்களுக்கு உதவும், ஏனென்றால் இந்தத் தொழிலில் அந்தப் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றேதான்.

வண்டி மாமனார் வாங்கியது. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் ஸ்டேட் நம்பர், ஹேண்ட் கியர் (ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் லீவர்), நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டி டெம்பரேச்சர் முள் எகிறியது, சைலன்சரில் வெள்ளைப் புகை. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ நிறத்தில் வருகிறது. இது தெரிந்த நோய்தான். இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். சூடு ஏறினால் ஹெட் வளையும், இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போகும், தண்ணீர் ஆயிலோடு கலக்கும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் பிடித்து (அடிப்பரப்பைச் சமமாகச் சீவி), ரேடியேட்டரைக் கழுவி, புது கேஸ்கட் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

ஒர்க்ஷாப்பில் வண்டியை இறக்கின மறுநாளே போன். "சார், பிளாக்ல கிராக். இது தேறாது. மாருதி ஜிப்ஸி இன்ஜின், ஃபைவ் ஸ்பீட் கியர்பாக்ஸ் ரெடியா இருக்கு, அதை உட்கார வச்சிரலாம். பழசுக்குப் பதினஞ்சாயிரம் கழிச்சுக்கிறேன்." கூடவே ஒரு போட்டோ, அதில் எண்ணெயும் அழுக்குமாக இருந்த பிளாக்கின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. விரிசல் எங்கே என்று பெரிதாக்கிப் பார்த்தால் சாக்பீஸ் கோடு மட்டும்தான் தெரிகிறது! கிராக் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முறை இருக்கிறது. தண்ணீர்ப் பாதைகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்கள், கிராக் இருந்தால் குமிழி வரும். கோவையில் ரீபோரிங் பட்டறைக்கா பஞ்சம்? செய்து காட்டுங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அடுத்து ஸ்பேர் கிடைக்காது என்ற பாட்டு. 1089 சி.சி., 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். இதே அளவு இன்ஜினைத்தான் பிரீமியர் பிரசிடென்ட், அப்புறம் பத்மினி என்று பெயர் மாற்றி மாற்றி 2000 வாக்கில் வரை குர்லா ஃபேக்டரியில் செய்துகொண்டிருந்தார்கள். மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி ரோட்டை விட்டு இறங்கியதே 2023 அக்டோபரில்தான். அத்தனை டாக்ஸிகளும் ஸ்பேர் இல்லாமலா ஓடின? பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் மும்பையிலிருந்து பார்சலில் வரும், சென்னையில் புதுப்பேட்டையில் கொஞ்சம் நேரம் செலவழித்தால் அங்கேயே கிடைக்கும். கிடைக்காது என்பதற்கு இவர்கள் அகராதியில் தேடப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆயுதம் ஈ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். "எத்தனால் பெட்ரோல்ல பழைய இன்ஜின் கரைஞ்சிடும் சார்." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தை இழுத்து டேங்க்கில் துரு ஏற்றும். அதனால் மாற்ற வேண்டியது பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டரில் இருக்கும் ரப்பர், வாஷர் சமாச்சாரங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க்கைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற இந்த வேலைக்கு யாராவது இன்ஜினையே தூக்கிப் போடுவார்களா?

சரி, மாற்றுவதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சுதான். மகன் முழுக்க ஜிப்ஸி இன்ஜின் கட்சி. ஏசி போடலாம், ஊட்டிக்கு நிற்காமல் ஏறலாம், முதல் கியருக்கு வண்டி நிற்கிற வரை காத்திருக்க வேண்டாம் (ஃபியட்டில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, ஓடும்போது போட்டால் கறகறவென்று திட்டும்). அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஜிப்ஸியின் 1298 சி.சி. இன்ஜினுக்கு ஃபியட்டைவிட நிறையவே சக்தி அதிகம். அதை அதே பழைய டிரம் பிரேக், அதே பழைய ஆக்ஸில் மேல் உட்கார வைத்தால், ஓடும், எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? பிரேக், ஆக்ஸில், ரேடியேட்டர், மவுண்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஃபியட் பாடி மட்டும்தான் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய காரணம் ஆர்.சி. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டிய டூவீலர், கார்களை அதில் பதிவு செய்யலாம், வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, சர்வீஸ் மாதிரிதான் வெளியே எடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்கள் வண்டியை அந்தப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மாமனார் ஆசை. ஜிப்ஸி இன்ஜின் உள்ளே போனால் அந்தக் கதவு மூடிவிடும். அது தவிர மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றவே கூடாது. மீறினால் 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், எல்லாம் உரிமையாளர் தலையில். "ஆர்டிஓ எல்லாம் நம்ம பசங்கதான் சார், பார்த்துக்கலாம்" என்ற தம்பி மேல் எதுவும் விழாது.

ஆகவே வாட்ஸ்அப்பில் தெளிவாக அனுப்பினேன்: இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் ஒரிஜினலே இருக்கட்டும், ஹெட் வேலை மட்டும் பாருங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். "ஓகே சார்" என்று பதில், கட்டைவிரல் பொம்மையோடு. எழுபதாயிரம் அட்வான்ஸ் ஏற்கனவே போயிருந்தது.

அப்புறம் இழுத்தடிப்பு. கேஸ்கட் வரவில்லை, லேத்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், கரண்ட் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் நின்றோம். பானெட் திறந்திருக்கிறது, உள்ளே ஜிப்ஸி இன்ஜின். இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டைச் சுத்தியால் தட்டிக் குழியாக்கியிருக்கிறார்கள், ஃப்ளோர் கியருக்காகத் தரையில் கேஸ் கட்டரால் ஓட்டை, வெட்டிய விளிம்பில் கார்பெட் கருகி ஒட்டியிருக்கிறது. ஸ்டியரிங் ராடோடு வந்த கியர் லிங்கேஜை அறுத்து ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். பழைய இன்ஜின் எங்கே என்றால், "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார், கிராக் ஆனதுதானே." மீதிப் பணம் கொடுத்தால்தான் வண்டி என்று வேறு.

போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) வாங்கிய பிறகுதான் வண்டியை விட்டார்கள். அதற்குள் மகன் ஒரு வேலை செய்திருந்தான். பழைய கார் ஸ்பேர் விற்கும் ஃபேஸ்புக் குழுக்களைத் துழாவியதில் ஒரு விளம்பரம் மாட்டியது: "ஃபியட் 1100 ஒரிஜினல் இன்ஜின், நல்ல கண்டிஷன், கிராக் இல்லை, 45,000." இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரில் மாமனார் பூசிய பச்சை பெயின்ட் அப்படியே இருந்தது. போட்டோவில் இன்ஜின் நம்பரின் கடைசி இலக்கங்களும் தெரிந்தன. ஆர்.சி. ரினூவலுக்காக முன்பு இன்ஜின் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரின்ட் எங்கள் ஃபைலில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே நம்பர். தேறாது என்று எங்களிடம் பதினஞ்சாயிரத்துக்குக் கேட்ட இன்ஜினை, கிராக் இல்லை என்று சொல்லி மூன்று மடங்கு விலைக்கு வைத்திருக்கிறார்கள்.

அதற்குள் திருப்பூரில் ஒருவர் வாங்கிவிட்டிருந்தார். விவரத்தைச் சொன்னதும் அந்த மனிதர் ஒரு ரூபாய் லாபம் வைக்காமல், அவர் கொடுத்த விலைக்கே திருப்பிக் கொடுத்தார். டெஸ்ட் செய்து பார்த்தோம், பிளாக் சுத்தம். ஹெட் மட்டும் வளைந்திருந்தது. உக்கடத்தில் ஒரு பாய் பட்டறையில் ஃபேசிங், கேஸ்கட், வால்வ் கிரைண்டிங் எல்லாம் சேர்த்து ஆன செலவு அந்த அட்வான்ஸில் கால்வாசிகூட இல்லை. தரை ஓட்டையை அடைக்க டிங்கரிங் வேலைதான் இன்னும் நடக்கிறது.

எந்த நிலையிலும் இன்ஜினை மாற்றவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவன் இல்லை நான். தொண்ணூறுகளின் பத்மினியைத் தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறீர்கள், பிளாக் நிஜமாகவே போய்விட்டது என்றால், அதே பத்மினியின் வேறொரு இன்ஜினைப் பில்லோடு வாங்கி, முன்கூட்டியே ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கழற்றிய இன்ஜினும் கியர்பாக்ஸும் உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், ஒர்க்ஷாப்பில் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் இன்ஜின் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர், கழற்றும் எந்தப் பாகமும் உரிமையாளருக்கே என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எழுத மாட்டேன் என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு கிளம்பிவிடுங்கள், ஸ்டார்ட் ஆகாவிட்டால் டோ பண்ணிக்கொண்டாவது போங்கள்.

ஏமாந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் போடலாம். வாட்ஸ்அப் அரட்டையை அழிக்காதீர்கள், அந்த "ஓகே சார்"தான் எங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி.

கியர்பாக்ஸ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஹேண்ட் கியர், நாலு ஸ்பீடு, இன்ஜினோடு சேரும் முன்பக்க உறையான பெல் ஹவுசிங்கில் வலது பக்கம் பழைய வெல்டிங் தழும்பு ஒன்று இருக்கும். ஈரோடு, சேலம் பக்கம் போயிருக்கலாம் என்று கேள்வி. கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வாங்கியவர் கொடுத்த விலையைக் கொடுத்துவிட்டே எடுத்துக்கொள்கிறோம்.