சாம்பிள் இருந்தால்தான் ஓஸ்

வண்டி சரியான பிறகு போய்ப் பார்த்த ஏற்காடு ஏரி, சேர்வராயன் கோயில், படகுச் சவாரி எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்தப் பதிவு ஒரு முழம் ரப்பர் ஓஸைப் பற்றியது.

அப்பாவின் மாருதி ஆம்னி வேன் 1997 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் சாமான்) வைத்த வண்டி. மலையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பாதிகூட ஏறவில்லை, வண்டி திக்க ஆரம்பித்தது. மிதித்தால் இழுவை இல்லை, உள்ளே ஒரே பெட்ரோல் வாடை. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தானே, வாடை நேராக மூக்குக்கு வந்துவிடும். குழந்தைகளை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று திருப்பி இறங்கிவிட்டோம்.

சேலம் டவுனில் ஏசி அறையெல்லாம் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பில், சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் "கார்புரேட்டரையே மாத்திருங்க சார்" என்றார்கள். சரி என்று அஸ்தம்பட்டிப் பக்கம் அப்பா வழக்கமாக விடும் மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் கார்புரேட்டருக்குப் போகும் ஓஸைக் கழற்றி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, "செல்ஃப் அடிங்க தம்பி" என்றார். பெட்ரோல் நூலாக வந்தது. பழைய ஃபில்டரைக் கழற்றி வெள்ளை டப்பா மூடியில் கவிழ்த்தார். கறுப்புத் தூள். ஓஸை வளைத்துக் காட்டினார்: வளைவு முழுக்க வெடிப்பு, கிளிப் இருந்த முனை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது.

"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் சேர்க்கறாங்கல்ல, இந்தப் பழைய ரப்பர் தாங்காதுங்க."

இருபது சதவீதம் எத்தனால் இப்போது எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதற்கேற்ற ரப்பர் இருக்கிறது, அப்பா வண்டிக்கு யார் இருக்கிறார்கள்? நான் இருக்கும் சிட்னியில் பத்து சதவீதக் கலவைக்கே தனி பம்ப், மேலே ஈ10 என்று எழுதியிருக்கும். வேண்டாதவன் எத்தனால் கலக்காத 98 பெட்ரோல் போட்டுக்கொள்வான். இங்கே கேட்டால் பங்க் பையன் சிரிக்கிறான்.

இனிமேல்தான் கூத்து. "ஓஸும் ஃபில்டரும் நீங்களே வாங்கிட்டு வந்துருங்க" என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆம்னிக்கு பெட்ரோல் ஓஸ் என்றேன். "இன்லெட்டா ரிட்டர்னா? சாம்பிள் இருக்கா?" இல்லை. வெயிலில் திரும்பி வந்தேன். அண்ணன் பிளேடால் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்றால், "நீங்க கேக்கலீங்களே."

சிட்னியில் வண்டி நம்பரைத் தட்டினால் போதும், எந்த சாமான் பொருந்தும் என்று திரையில் வந்துவிடும்.

துண்டைக் கொண்டுபோனால், கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே பளபளவென்று தெரியும் பிளாஸ்டிக் டியூபை வெட்டிக் கொடுத்தார். "எல்லாரும் இதுதாங்க போடறாங்க." அண்ணன் அதைத் தொடக்கூட இல்லை. "இது பைக்குக்கு. இன்ஜின் சூட்டுல கெட்டியாகிக் கிளிப்புகிட்ட விட்டுரும். கீழ சைலன்சர் இருக்குது." மறுபடி வெயில். கடைசியில் உள்ளே நூல் பின்னல் வைத்த, மேலே பெட்ரோல் ஓஸ் என்று அச்சடித்த சரக்கு கிடைத்தது. அது அதே கடையிலேயே, அதே அலமாரியில்தான் இருந்தது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

ஆனால் வேலையைப் பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து வரும் ஓஸ், மிச்சப் பெட்ரோலை டேங்குக்கே திருப்பும் ரிட்டர்ன் ஓஸ் இரண்டையும் மாற்றினார். ஃபில்டரில் உள்ள அம்புக்குறியை என்னிடம் காட்டி, பெட்ரோல் ஓடும் பக்கம் பார்த்து மாட்டினார். பழைய கிளிப் ஒன்றைக்கூடத் திரும்பப் போடவில்லை. ஸ்டார்ட் செய்து விட்டு, ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். டீ வந்தும் எழுந்திருக்கவில்லை.

கூலி 400 ரூபாய். அங்கே ஒரு மணி நேரத்துக்கே நூறு டாலரைத் தாண்டும், விரல் வைத்தெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மீட்டர் ஓஸ் வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். "வெச்சிருந்தா காஞ்சு போயிரும், எதுக்குடா தண்டச் செலவு?" என்றார்.