மூன்று ஆண்டுகளாக ஒரே குன்றைச் சுற்றி: தோட்டப் பாதையில் மலைச் சைக்கிள்

2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகள் பண்டாரவளையில் நாள்கணக்கில் நீண்டிருந்த காலத்தில், பாடசாலைக்குச் சென்று வருவதற்கென்றே, வேறொருவர் ஏற்கெனவே பாவித்த மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வரிசைகள் மறைந்த பிறகும் அதை விற்க மனம் வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு குன்றைச் சுற்றிவரும் 12 கிலோமீற்றர் தோட்டப் பாதையில் கிழமைக்கு இரண்டு தடவையாவது ஓட்டத் தொடங்கினேன். பந்தயம் ஓடுபவர்களுக்கு இந்தக் குறிப்பில் எதுவும் கிடைக்காது. நாற்பது வயதுக்குப் பின் முதன்முறையாகக் கியர் வண்டியைத் தொட்ட என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஊவாவின் இந்தப் பக்கம் நுவரெலியாவைப் போல ஆண்டு முழுவதும் ஈரமாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிடுவதால், ஜூன் முதல் செப்டெம்பர் வரை இங்கு வந்து சேர்வது பெரும்பாலும் காய்ந்த கச்சான் காற்றுத்தான். அப்போது தேயிலைக்கு மேலுள்ள பத்தனைப் புல் வைக்கோல் நிறமாகிவிடும். பாதை மண் சீமெந்துத் தரை போல இறுகி, அதன்மேல் பருக்கைக் கற்கள் உருண்டு கிடக்கும். மழைக்காலச் சேற்றைவிட இந்தப் பருக்கைக் கற்களே என்னை அதிகம் விழுத்தியிருக்கின்றன. காரணம் எளிது: வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்தேன். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவில் இரண்டு பிரேக்கையும் விட்டுவிட வேண்டும் என்பது என் முழங்கைக்குப் புரிய ஏறக்குறைய ஆறு மாதங்கள் எடுத்தன.

கொழுந்து லொறி ஏறுவதற்காகச் சரிவை வளைத்து வளைத்து வெட்டிய பாதை என்பதால், புதியவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. மூச்சு வாங்கினாலும் இறங்கித் தள்ள வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் எந்தத் திசையில் சுற்றுவது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கோயிலைச் சுற்றிய பழக்கத்தில் நான் வலமாகவே சுற்றினேன். குன்று வலக்கைப் பக்கம் இருந்தது. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் ஒதுங்குவதால், எதிரே லொறி வரும்போதெல்லாம் நான் பள்ளத்தின் விளிம்புக்கு ஒதுங்கினேன். ஒருநாள் பின்சக்கரம் விளிம்பு மண்ணைச் சரித்து, வண்டியும் நானும் இரண்டு நிரை தேயிலைக்குக் கீழே போய்க் கிடந்தோம். அன்றிலிருந்து இடமாகச் சுற்றுகிறேன். ஒதுங்கினால் மலைச்சுவர்; தவறினால் முழங்கால் ஆழக் கான். கானில் விழுந்தவர் எழுந்து வருவார். (குன்றின் உச்சியில் மாரியம்மன் கோயில் இருப்பதால் என் தாயாருக்கு இந்த மாற்றத்தில் இன்னமும் உடன்பாடில்லை.)

வண்டி 27.5 அங்குலச் சக்கரங்களும் அலுமினியச் சட்டகமும் 21 கியர்களும் கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக்கும் கொண்டது. விற்றவர் அதிகம் புகழ்ந்தது, குலுக்கலைத் தாங்குவதற்கான முன்பக்க ஷாக்கை. மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகக் குறைவாக உதவியதும் அதுதான். இரண்டாவது மாரிக்குப் பிறகு அது துருப்பிடித்து இறுகிவிட்டது, நான் அதைக் கவனிக்கவே சில கிழமைகள் ஆயின. டயரில் காற்றை 45இலிருந்து 30 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தபோது கைகளுக்குக் கிடைத்த ஆறுதல் அதைவிடப் பெரிது. அதற்குக் கீழே போனால், பாதையைக் குறுக்கறுக்கும் கான்களில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு துளைகள் விழும்.

உண்மையாகப் பயன் தந்த செலவு, பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தை 28 பல்லிலிருந்து 34 பல்லுக்கு மாற்றியதுதான். முன்னால் 24 பல் என்பதால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குப் பின்சக்கரம் முன்பு 0.86 சுற்றுச் சுழன்றது, இப்போது 0.71 சுற்றுத்தான். காகிதத்தில் சிறிய வேறுபாடு. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு ஏறும் கடைசி வளைவில் அது இறங்கித் தள்ளுவதற்கும் ஓட்டிச் செல்வதற்கும் இடையிலான வேறுபாடு. செயின் இரண்டு முறை மாற்றியாயிற்று. பிரேக் கட்டைகளில் மென்மையானவை மழைக்கால மணலில் விரைவாகத் தேய்ந்துவிடுவதால், உலோகத்தூள் கலந்தவற்றுக்கு மாறினேன்; கீச்சிடும், ஆனால் நீடிக்கும்.

கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட மலையைக் கடக்கும்போது டயரைப் பற்றிக் கவலைப்படுங்கள். வெட்டிய மிலாறுக் குச்சிகளின் கூர்முனை மூன்று முறை என்னை வீடுவரை நடக்க வைத்திருக்கிறது. தொழிலாளர் வாழும் லயங்களுக்கு முன்னால் இறங்கி நடப்பது மரியாதை, நாய்களுக்கும் அதுதான் நல்லது. கொழுந்து நிறுக்கும் நேரங்களில் போகாதீர்கள். தலைச்சுமையோடு வருபவர்களுக்கு வழிவிட அங்கே இடமிருக்காது. தோட்டத்தில் அனுமதி கேட்டுவிட்டு ஓட்டுவதால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், வாச்சர் அண்ணனின் எச்சரிக்கைகள். சென்ற ஆண்டு ஒருநாள் மடுவத்துக்குக் கீழே கைகாட்டி நிறுத்தி, "சேர், மேல மரத்துல குளவி கலைஞ்சிருக்கு, இன்னைக்குத் திரும்பிப் போயிருங்க" என்றார். மலையகத்தில் குளவிக் கொட்டு உயிரைப் பறித்த செய்திகளைப் படித்தவன் என்பதால், ஏன் என்று கேட்காமல் திரும்பினேன்.

அப்புத்தளைப் பக்கமாகச் செல்லும், 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு 22 கட்டங்களாகப் பிரிந்த பீகோ பாதையையும் ஒருமுறை முயன்றேன். அகலமான தோட்டச் சாலைகள் நீடித்தவரை இன்பம். ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்களுக்கு இடையூறாக இருப்பதை உணர்ந்து இறங்கிக்கொண்டேன். அது முதன்மையாக நடப்பவர்களின் பாதை.

ஐப்பசியில் பின்னேர மழை தொடங்கியதும் என் சுற்று காலை ஆறு மணிக்கு மாறிவிடும். செம்மண் குழம்பி டயரின் பொத்தான்களுக்கு இடையே அப்பிக்கொண்டால் பிடிப்பே இருக்காது. முதல் ஏற்றத்திலேயே பின்சக்கரம் வெறுமனே சுழன்றால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று திரும்பி, பீலியடியில் வண்டியைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் இட்டுவிட்டுப் பாடசாலைக்குக் கிளம்பிவிடுவேன்.