தீபாவளி மழையில் எது நிற்கிறது: டிடிஎச்சா, கேபிளா, ஓடிடியா?

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, இட்லி சாப்பிட்டுவிட்டு அப்பா பட்டிமன்றம் பார்க்க உட்கார்ந்தார். வெளியே விடாத மழை. நடுவர் தலைப்பைச் சொல்லி முடிக்கும்போதே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. குரல் விட்டு விட்டு வந்தது. அப்புறம் திரை நீலமாகி, 'சிக்னல் இல்லை' என்ற எழுத்தோடு நின்றுவிட்டது. மழை விட்டால் வந்துவிடும் என்று அப்பா அரை மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே கேபிள். அதே மழையில் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்ததாம்.

அந்தத் தை மாதமே நாங்களும் கேபிளுக்கு மாறிவிட்டோம். அதற்கு முன் ஆறு வருடம் டிடிஎச், அதாவது மாடியில் டிஷ் வைத்து நேராகச் செயற்கைக்கோளிலிருந்து பார்ப்பது. பையனின் படிப்புக்காகப் போட்ட இணைய இணைப்பு இருப்பதால், இணையம் வழியாகப் பார்க்கும் ஓடிடியும் கூடவே உண்டு. அப்பாவுக்கு அரசியல் விவாதம், அம்மாவுக்கு சீரியல், பண்டிகை நாளில் எல்லோருக்கும் சிறப்பு நிகழ்ச்சி என்று டிவி நாள் முழுக்க ஓடுகிற வீடு எங்களுடையது. மாறலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். எங்கள் ஊர் மயிலாடுதுறை. மழையை நான் பெரிதாகப் பேசுவதற்கு அதுதான் காரணம்.

டிடிஎச் மழையில் போவதற்கு நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து அந்த சிக்னல் கேயூ பேண்ட் என்ற குறுகிய அலையில் வருகிறது. கனமழை அந்த அலையை உறிஞ்சிவிடும். மாடியில் இருப்பதோ சின்ன டிஷ். சேனல்கள் கேபிள்காரர்களுக்கு அனுப்பும் சிக்னல் பெரும்பாலும் அதைவிட நீண்ட அலையான சி பேண்டில் வருகிறது, அதை மழை அவ்வளவாகத் தொடாது. அவர்களுடைய டிஷ்ஷும் பெரியது. அங்கிருந்து நம் வீடு வரை ஃபைபரும் ஒயரும்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. தீபாவளி, திருக்கார்த்திகை, கிறிஸ்துமஸ் எல்லாம் அதற்குள்ளேதான் வருகின்றன. டிவி அதிகம் தேவைப்படும் நாட்களும் டிடிஎச் அதிகம் போகும் நாட்களும் எங்கள் பக்கத்தில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின், 2019-இல் நடைமுறைக்கு வந்த விதி இரண்டுக்கும் பொது. முதல் 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை என்று அப்போது வைத்தார்கள். 2024-இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டாலும் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வந்துவிடவில்லை. எங்களுக்கு டிடிஎச்சில் மாதம் 330 ரூபாய் ஆனது, கேபிளில் 280. ஐம்பது ரூபாய்க்காக யாரும் மாற வேண்டியதில்லை. படத்தின் தெளிவிலும் எங்கள் 32 இன்ச் டிவியில் வித்தியாசம் தெரியவில்லை.

எங்களை மாற வைத்தது வேறு விஷயம். கெட்டுப்போனால் யார் வருவார், எப்போது வருவார்?

டிடிஎச் இருந்த ஒரு வருடம் போகி அன்று படம் நின்றுவிட்டது. அன்று மழையும் இல்லை. நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று போய், கடைசியில் ஒருவரிடம் பேசினோம். பாக்ஸை அணைத்துப் போடச் சொன்னார். போட்டோம், வரவில்லை. புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. 'ஆள் 48 மணி நேரத்தில் வருவார்' என்றார்கள். பொங்கலுக்கு அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் நேரலையில் ஜல்லிக்கட்டு பார்ப்பது அப்பாவின் வழக்கம். அந்த வருடம் மூன்றும் போய்விட்டது. ஆள் வந்தது காணும் பொங்கல் முடிந்த மறுநாள். கும்பகோணத்திலிருந்து வருவதாகச் சொன்னார். டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி போய்விட்டதாம். வந்ததற்கும் பொருளுக்கும் சேர்த்து 450 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மூன்று தாலுகாவுக்கு அவர் ஒருவர்தான், பண்டிகை நேரத்தில் எத்தனை வீடுதான் ஏறி இறங்குவார்?

இப்போது கேபிளுக்கு வருவோம். சேர்ந்த வருடம் கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம் சீரியல் நேரத்தில் படம் நடுங்கத் தொடங்கியது. அம்மா கேபிள்காரத் தம்பிக்குப் போன் செய்தார். இருபது நிமிடத்தில் மழைக்கோட்டோடு டூவீலரில் வந்து இறங்கினார். பாக்ஸின் பின்னால் இருந்த கனெக்டரைத் திருகிக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். நடுவில் இருக்கும் செம்புக் கம்பியின் முனையில் பச்சைப் பாசி மாதிரி பிடித்திருந்தது.

"பாக்ஸ்ல ஒண்ணும் இல்லம்மா. ஒயர் வழியா தண்ணி இறங்கியிருக்கு."

ஒயரில் நாலு விரற்கடை வெட்டி எறிந்தார். மேலே இருக்கும் கறுப்புத் தோலை பிளேடால் சுற்றிக் கீறி உரித்தார். உள்ளே இருந்த வலையைப் பின்னால் மடித்துவிட்டு, வெள்ளை நுரைப் பகுதியையும் சீவி, ஊசி மாதிரி செம்பு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி செய்து புதுக் கனெக்டரை மாட்டினார். படம் வந்துவிட்டது. அதோடு போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே போய், நேராக உள்ளே நுழைந்த ஒயரைக் கொஞ்சம் தழைய விட்டு, கீழே ஒரு வளைவு கொடுத்துப் பிறகு மேலே ஏற்றிக் கட்டினார். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. அம்மா காசு நீட்டியபோது, "மாசக் காசுல சேர்ந்ததுதாம்மா, டீ மட்டும் குடுங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கோளாறே இல்லை.

அவர் நல்ல மனிதர் என்பது உண்மை. ஆனால் அவர் வருவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருக்கிற வீடுகள்தான் அவருடைய வருமானம். ஒரு வீடு டிஷ் மாட்டினால் அடுத்த வீடும் யோசிக்கும். மாதா மாதம் வாசலில் வந்து நின்று பணம் வாங்குகிறவர், புகாரையும் அதே வாசலில் கேட்டாக வேண்டும். நான் கேபிள் பக்கம் சாய்வது இதற்காகத்தான்.

கேபிளில் குறை இல்லாமல் இல்லை. சாலை தோண்டுகிறவர்கள் ஃபைபரை வெட்டிவிட்டால் நாலு தெருவுக்கும் சேர்த்துப் போய்விடும். நம் வீட்டில் கரண்ட் இருந்தும், சிக்னலை வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் ஆபரேட்டரின் பெட்டி (நோடு) இருக்கும் தெருவில் இல்லையென்றால் படம் வராது. 2022 நவம்பரில் அரசு கேபிளின் பாக்ஸ்கள் பல மாவட்டங்களில் முடங்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரிக் கோளாறில் தெருவில் இருக்கும் ஆபரேட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. கேபிள் தமிழ்நாட்டில் எப்போதும் அரசியலோடு பின்னிக் கிடக்கிற தொழில். 2007-இல் திமுக ஆட்சியில் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனத்தை, 2011-இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் தூசி தட்டி 70 ரூபாய்க்கு இணைப்பு என்று நடத்தினார். ஆட்சி மாறும்போது நம் ஊர் கேபிளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி டீக்கடையில் எழுவது நியாயமான கேள்வி. பெரும் புயலில் கேபிள் தாங்குமா என்று ஓரிரு வருட அனுபவத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. கஜாவின்போது வேதாரண்யத்தில் சித்தி வீட்டில் வாரக்கணக்கில் மின்சாரமே இல்லை. கேபிள் கம்பமும் சாய்ந்தது, டிஷ்ஷும் பறந்தது.

ஓடிடியை அம்மா அளவோடு பயன்படுத்துகிறார். கோயிலுக்குப் போய்த் தவறவிட்ட சீரியலை மறுநாள் மதியம் பார்த்துக்கொள்வார். அதற்கு அது அருமை. செய்தி மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு இணையமே போதும், பெரும்பாலான தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் இலவசமாக நேரலையில் கிடைக்கின்றன. ஆனால் அப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை. 2024 ஜூன் 4 அன்று காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு எண்ணத் தொடங்கியதிலிருந்து அவர் கையில் ரிமோட். நாலு செய்திச் சேனலின் எண்களும் மனப்பாடம். எண்ணைத் தட்டினால் அடுத்த சேனல், அங்கே முன்னிலை எத்தனை என்று பார்த்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, அடுத்ததற்குத் தாவுவார். 39 தொகுதிக்கும் அப்படித்தான். யூடியூபில் ஒவ்வொரு தாவலுக்கும் தேடி, விளம்பரம் முடியக் காத்திருக்க வேண்டும். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, இணைய நேரலை சற்றுப் பின்தங்கித்தான் வரும். எதிர்வீட்டில் சிக்ஸருக்குக் கத்திய பிறகு நம் திரையில் பந்து போடுவார்கள்.

மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷை மாமா வீட்டில் இரண்டு நாள்தான் பார்த்திருக்கிறேன். டிடி தமிழ் வருகிறது, அம்மா கேட்கிற சீரியல் சேனல்களை அங்கே நான் பார்க்கவில்லை. அதற்கு மேல் தீர்ப்பு சொல்வது சரியாக இருக்காது.

மாறுகிறவர்கள் பழைய பாக்ஸை விற்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொன்றுக்குப் பொருந்தாது. எங்களுடையதை யாரும் கேட்கவில்லை, டிஷ் இன்னும் மொட்டை மாடியில்தான் நிற்கிறது. கேபிள் எடுக்கும் முன் தெருவில் நாலு வீட்டில் விசாரியுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான், போன் செய்தால் ஆள் எவ்வளவு நேரத்தில் வருகிறார். நாலு வீட்டிலும் முகம் சுளித்தால் டிடிஎச்சிலேயே இருங்கள். வயலுக்கு நடுவே தனி வீடாக இருந்து, ஒயர் இழுக்க வழியில்லை என்றாலும் டிடிஎச்தான். அப்படியென்றால் எல்என்பி கனெக்டரை ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு தடவை கழற்றிப் பார்த்து, துரு இருந்தால் மாற்றிவிடுங்கள்.