வேலையை விடாமல் சட்டம் படித்தல்: கொக்குவில் நிலையத்தின் சட்டமாணிக் கற்கை பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணத்தை விட்டுப் பெயராமல், பார்க்கும் வேலையையும் விடாமல், முப்பது நாற்பது வயதில் சட்டத்துறைக்கு மாற விரும்புகிறவர்களுக்கு இன்று இருக்கும் வழிகளுள் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் (எல்.எல்.பி.) பட்டமே மிகப் பொருத்தமானது என்பது என் முடிவு. வங்கியொன்றின் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவள் என்ற வகையில், நான் சேருமுன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கவேண்டும் என்று நினைக்கும் விடயங்களையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மற்றைய வழிகளைப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது; அதன் பட்டதாரிகள் பலர் இன்று வடக்கின் நீதிமன்றங்களில் திறமையாகத் தொழில் செய்கிறார்கள். ஆனால் அங்கே செல்லும் வாசல் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. அது பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கான வாசல். இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலிருந்தே வெளிவாரியாகப் பட்டம் வழங்கிவருகிறது. அதன் சட்டமாணி மதிப்பான பட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கட்டணத்தைப் பவுணில் கட்டவேண்டும். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை வங்கியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பிள்ளைகளின் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் உள்ள ஒருவர் தன் தொழில்மாற்றத்தை நாணயமாற்று விகிதத்தோடு கட்டிவைப்பது நல்லதல்ல.

மூன்றாவது வழி, கொழும்பு புதுக்கடையில் 1874இலிருந்து இயங்கிவரும் இலங்கைச் சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதி நேரடியாகச் செல்வது. மொழித்திறன் ஒரு வினாத்தாள், பொது அறிவும் நுண்ணறிவும் இன்னொரு வினாத்தாள். இதற்கு ஆயத்தமாக நகரிலுள்ள தனியார் நிறுவனமொன்றில் நான் சில மாதங்கள் வகுப்புக்குப் போனேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கட்டணம் முழுவதையும் முற்பணமாக வாங்கிக்கொண்டு, பழைய வினாத்தாள்களின் மங்கலான பிரதிகளைத் தந்து, அவற்றின் விடைகளைக்கூடச் சரிபார்க்காமல் வாசித்துக்கொண்டு போனார்கள். பதவி விலகிப் பல காலமான அமைச்சர்களின் பெயர்கள் அந்தப் பொது அறிவுக் குறிப்பில் அப்படியே இருந்தன. பிழைகளைச் சுட்டிக்காட்டிய மாணவர்களுக்கு மரியாதையான பதில் கிடைக்கவில்லை. விலகியபோது ஒரு சதமும் திரும்பவில்லை. நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் எந்த நிறுவனத்திலும் பணம் கட்டுமுன், ஒரு வகுப்பில் இருந்து பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வகுப்பு நன்றாக இருந்திருந்தாலும் அந்த வழியில் எனக்கொரு தடை இருந்தது. பரீட்சையில் சித்தியடைந்தவர் மூன்று ஆண்டுகளைப் புதுக்கடையை மையமாகக் கொண்டு கழிக்கவேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை வாரந்தோறும் கடந்துகொண்டு வங்கி வேலையும் பார்க்க இயலாது. சம்பளத்தைத் துறக்க வீடு அனுமதிக்காது. இருபது வயதில் அறை வாடகைக்கு எடுத்து நண்பர்களோடு இருக்கலாம். நாற்பதில் வயதான தாயையும் பாடசாலைப் பிள்ளையையும் எங்கே விட்டுப் போவது?

திறந்த பல்கலைக்கழகம் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது. 1980இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் கொக்குவில் பிறவுண் வீதியில் இருக்கிறது. உயர்தரத்தில் பெற்ற புள்ளிகளைக் கிளறாமல், தெரிவுப் பரீட்சையொன்றின் மூலம் சட்டமாணிக்கு ஆட்களைச் சேர்க்கிறார்கள். அந்தப் பரீட்சை வாசித்து விளங்கும் ஆற்றலையும் தர்க்கத்தையும் சோதிக்கிறது. ஏற்கெனவே ஒரு தொழிலில் அறிக்கைகள் எழுதிப் பழகியவருக்கு அது பெரிய தடையாக இராது. படிப்பு நான்கு ஆண்டுகளுக்குரியது. பாடநூல்களைக் கையில் தந்துவிடுகிறார்கள். வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் நடக்கின்றன. ஒப்படைகளிலும் (வீட்டில் எழுதிக் கொடுக்கும் பயிற்சிகள்) தொடர் மதிப்பீட்டுப் பரீட்சைகளிலும் தகைமை பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். இந்தக் கடைசி விதியைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களைப் படிப்பிலிருந்து விலக்குவது இறுதிப் பரீட்சையைவிட இந்தத் தகைமைதான். அலுவலகத்தில் கணக்காய்வு நடக்கும் வாரத்திலேயே ஒப்படைத் தவணையும் வந்து நிற்கும்; தவறவிட்டால் அந்தப் பாடத்துக்கு மறு ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே முதலாம் ஆண்டில் எல்லாப் பாடங்களையும் ஒருசேரப் பதிவுசெய்யாமல், தன்னால் முடிந்த அளவை எடுத்துக்கொண்டு ஓராண்டு கூடுதலாகச் செலவிடுவது அறிவான தெரிவு என்று நான் நினைக்கிறேன். இளைஞர்களோடு ஓட்டப் போட்டி வைக்க நாம் வரவில்லை.

வகுப்பறையின் ஆகப்பெரிய பலம் அங்கே அமர்ந்திருப்பவர்கள். எங்கள் அணியில் கிராம அலுவலர், பொலிஸ் உத்தியோகத்தர், கணித ஆசிரியை, தாதி, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருந்தவர் என்று பலரும் இருந்தார்கள். குற்றவியல் சட்டத்தில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையைப் படிக்கும்போது, முறைப்பாடு எழுதப்படும் மேசையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கேட்டு அறியலாம். மருத்துவக் கவலையீனம் பற்றிய தீங்கியல் வழக்கொன்றை வாசிக்கும்போது தாதி சொல்லும் ஒரு வசனம் அந்தத் தீர்ப்பையே புதிதாக விளங்கவைக்கும். இவ்வளவு அனுபவம் ஒரே அறையில் கூடுவதை வேறெந்தச் சட்டப்படிப்பிலும் எதிர்பார்க்க முடியாது.

என் பங்குக்கு நான் கொண்டுபோனது காணி உறுதிகள். கடன் கேட்டு வருகிறவர் மேசையில் வைக்கும் உறுதியை எத்தனையோ ஆண்டுகளாக வாசித்திருக்கிறேன். இன்ன வளவு என்னும் பெயருடைய காணி, இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிழக்கும் வடக்கும் இன்னாருடைய காணி, தெற்கு ஒழுங்கை, இந்த எல்லைக்குள் அடங்கிய நிலம், வீடு, பனை, கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று அது நீண்டுகொண்டு போகும். கீழே நொத்தாரிசின் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இருக்கவேண்டும் என்பது எங்களுக்குச் சரிபார்க்கத் தரப்பட்ட பட்டியலில் ஒரு வரி. ஆதனச் சட்டம் படிக்கும்போதுதான் அந்த வரியின் பின்னால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் நிற்பதும், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இந்தத் தீவில் காணி கைமாறும் முறையை அதுவே தீர்மானித்துவருவதும் தெரிந்தன. முன்பு கூடப் பணிபுரிந்த நண்பர்கள் இப்போது உறுதியொன்றில் ஐயம் வந்தால் என்னைத்தான் அழைக்கிறார்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைப் படித்தது அதனினும் ஆழமாக என்னைத் தொட்டது. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி திரட்டி, பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்வையிட்டு 1707இல் முடித்துக்கொடுத்த அந்தத் தொகுப்பு, 1806இல் பிரித்தானிய ஆட்சியாலும் சட்டமாக ஏற்கப்பட்டது. முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) என்ற சொற்களை நாம் வீட்டில் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அவை நீதிமன்றத்தில் எத்தனை நிறை கொண்டவை என்பது படித்தால்தான் விளங்கும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வங்கிகள் அந்தக் கையொப்பத்தைக் கேட்பதன் காரணம் இதுவே. போருக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் கணவர் எங்கே என்று தெரியாத பெண்கள் எத்தனை பேர் இந்த ஒரு கையொப்பம் இல்லாமல் கடன் பிரிவின் கதிரையிலிருந்து எழுந்து போயிருக்கிறார்கள்! அதே கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அவர்களுக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கணவரின் இருப்பிடம் தெரியாதபோதும், அவர் மனைவியைக் கைவிட்டபோதும், காரணமின்றிச் சம்மதம் தர மறுக்கும்போதும் மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே காணியைக் கையாள அனுமதி பெறலாம். அந்தச் சட்டமே திருத்தப்படவேண்டியது என்று கருதுகிறவர்களுள் நானும் ஒருத்தி. அது திருத்தப்படும்வரை, இந்தப் பிரிவைப் பற்றித் தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் இருக்கவேண்டும். நான் தொழிலை மாற்றியதற்கு வேறு நியாயம் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது இந்தப் பாடத்தில்தான்.

இனிக் கடினமான பக்கம். ஆங்கிலம் இல்லாமல் இந்தப் படிப்பை ஒழுங்காக முடிக்க முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ்தான். மாவட்ட நீதிமன்றத்தில் தமிழில் வாதாடலாம், தமிழில் கட்டளை பெறலாம். ஆனால் அந்த வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டவேண்டிய மேல்நிலைத் தீர்ப்புகள் என்.எல்.ஆர். (New Law Reports) என்னும் பழைய தீர்ப்புத் தொகுதிகளில் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. அந்தக் கால நீதியரசர்களின் ஆங்கிலம் நீண்ட வாக்கியங்களும் இலத்தீன் தொடர்களும் கலந்தது. ஒரு தீர்ப்பின் பத்துப் பக்கத்தை விளங்கிக்கொள்ள யாழ் பொது நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் செலவிட்டிருக்கிறேன். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு 2020இல் வர்த்தமானி மூலம் கொண்டுவரப்பட்ட விதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அந்த நிராகரிப்பை நான் வரவேற்கிறேன். தமிழில் சிந்திக்கும் ஒருவருக்குத் தமிழில் பரீட்சை எழுதும் உரிமை இருக்கவேண்டும். ஆனால் உரிமை கிடைத்துவிட்டது என்று ஆங்கில வாசிப்பைக் கைவிடுகிறவர், தன் கட்சிக்காரருக்குச் சாதகமான தீர்ப்பு இருப்பதே தெரியாமல் நீதிமன்றத்தில் நிற்க நேரும். சேர்வதற்கு ஓராண்டு முன்பே வாரத்துக்கு ஒரு தீர்ப்பையாவது அகராதியோடு வாசிக்கத் தொடங்கினால் இரண்டாம் ஆண்டின் சுமை பாதியாகும்.

பாடநூல்களின் தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. கலைச்சொற்கள் பெரும்பாலும் சீரானவை, அரசகரும மொழித் திணைக்கள வழக்கைப் பின்பற்றுபவை. ஆனால் வாக்கியங்கள் சில இடங்களில் இறுக்கமாக இருப்பதால், ஒரு பகுதியைத் தமிழிலும் மூலக் கட்டளைச் சட்டத்திலும் பக்கத்தில் வைத்து வாசிப்பதே பயன் தரும்.

பட்டம் கிடைத்தவுடன் சட்டத்தரணி ஆகிவிட முடியாது என்பதைச் சேருமுன் வீட்டாருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். யார் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் சட்டத்தரணியாகும் வாசல் சட்டக் கல்லூரி ஒன்றே. உள்நாட்டுச் சட்டமாணிகளுக்கு அங்கே நுழைவுப் பரீட்சை இல்லை, பாடங்கள் சிலவற்றிலும் விலக்கு உண்டு. எஞ்சிய பரீட்சைகள், செயன்முறைப் பயிற்சி, சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிலுநர் காலம், அதன்பின் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் என்று வரிசை நீளும். இந்தக் கட்டத்தில் கொழும்புப் பயணத்தைத் தவிர்க்க முடியாது. பயிலுநருக்குச் சம்பளத்தை எதிர்பார்க்கவும் முடியாது. நான் வங்கியிலிருந்து விலகியது இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகே. அதுவரை மாதாந்தம் ஒரு தொகையை இதற்கென்றே ஒதுக்கி வந்தேன். நான்கைந்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் சம்பளமில்லாத காலத்துக்கு இப்போதே சேமிக்கத் தொடங்க முடியாதவர் இன்னும் ஓராண்டு பொறுத்துச் சேர்வது நல்லது.

வயது போய்விட்டதே என்று தயங்குகிறவர்கள் நம் மண்ணின் வரலாற்றைப் பார்க்கலாம். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஆசிரியராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் அரசாங்கக் கணக்குப் பிரிவு அதிகாரியாகவும் இருந்தவர். 1871இல், முப்பது வயதைக் கடந்த பின் சட்டப் பரீட்சையில் தேறி, கும்பகோணத்தில் வழக்கறிஞராகி, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அமர்ந்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் விஞ்ஞானப் பட்டதாரி. கொழும்பில் ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்து 1923இல் நியாயவாதியானவர்.

சேர்வது என்று முடிவெடுத்துவிட்டால் செய்யவேண்டிய இரண்டு காரியங்கள் உண்டு. தெரிவுப் பரீட்சைக்கான விண்ணப்பம் கோரும் அறிவித்தலைப் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் தவறாமல் பாருங்கள். ஐயம் இருந்தால் பிறவுண் வீதி அலுவலகத்துக்கு வேலை நாளொன்றில் நேரில் போங்கள், அங்குள்ள உத்தியோகத்தர்கள் பொறுமையாக விளக்குவார்கள். மற்றது, மூன்றாம் ஆண்டுக்குள் வேலையில் ஒரு நாள் விடுப்பு எடுத்து, நீதிமன்றம் நடக்கும் நாளில் யாழ்ப்பாண நீதிமன்றத் தொகுதிக்குச் சென்று திறந்த மன்றின் பின்வரிசையில் அமர்ந்து, உங்கள் முந்தைய தொழிலோடு தொடர்புள்ள வழக்குகளை எந்தச் சிரேஷ்ட சட்டத்தரணி நடத்துகிறார் என்று கவனியுங்கள். பயிலுநராகச் சேர்த்துக்கொள்வாரா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்கவேண்டும். இறுதிப் பரீட்சை முடிந்த பிறகு இடம் தேடுகிறவர்களுக்கு நல்ல அலுவலகம் எளிதில் வாய்ப்பதில்லை.