கிரீஸ் ட்ராப் ‘சர்வீஸ்’ எடுக்கும் ஹோட்டல்காரர்கள் கவனத்துக்கு

சென்னை தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு பரோட்டா, பிரியாணிக் கடை நடத்துகிறோம். கிச்சன் கழிவுநீரில் வரும் எண்ணெய், கொழுப்பு சாக்கடைக்குப் போகாமல் பிடித்து வைக்கும் தொட்டிதான் கிரீஸ் ட்ராப். அதைச் சுத்தம் செய்ய வருட ஒப்பந்தம் போட்டு ஏமாந்த கதை இது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் கடை வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். அதே ஆட்கள் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் சுற்றுகிறார்கள்.

மாதாமாதம் தொட்டியை முழுக்கக் காலி செய்து, சுவரைச் சுரண்டி, கழிவை எடுத்துப் போவதாகப் பேச்சு. வந்தது ஒரு குட்டி யானை வண்டி, நீல ட்ரம், ஒரு பக்கெட். மோட்டாரும் இல்லை, உறிஞ்சும் ஹோஸும் இல்லை. மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, ஏதோ பவுடரைக் கொட்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடியைப் போட்டுவிடுவார்கள். கேட்டால், “அண்ணே, இது பாக்டீரியா மருந்து, அடியில இருக்கிறதை அதுவே தின்னுடும்” என்று பதில். கொதிநீரில் எந்த பாக்டீரியா உயிரோடு இருக்குமோ!

வெந்நீர் கொழுப்பை உருக்கித் தொட்டியைத் தாண்ட வைக்கும், அவ்வளவுதான். தெருக் குழாயில் போய் ஆறியதும் மறுபடி உறையும். ஆட்டுக் கொழுப்பும் டால்டாவும் சாதாரணமாகவே கட்டியாகிற சரக்கு. அது சிமெண்ட் குழாயில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் இன்னும் இறுகிவிடும்.

இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் ஒன்று செய்திருந்தார்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு டி பைப் இருக்கும். அதன் கீழ்க் கால் தண்ணீருக்குள் இறங்கி நிற்பதால்தான் மேலே மிதக்கும் எண்ணெய் வெளியே போகாமல் தங்குகிறது. அதை அறுத்தே எடுத்துவிட்டார்கள். தொட்டி நிரம்பினாலும் கிச்சன் பக்கம் எதிர்த்து வராது, சிங்க்கில் தண்ணீர் சர்ரென்று இறங்கும், யாரும் போன் போட்டுத் திட்ட மாட்டார்கள். எங்கள் மாஸ்டரே, “சூப்பரா வேலை செஞ்சிருக்காங்க” என்றார்.

பின் வீட்டு கழிவறையில் தண்ணீர் பொங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர், கழிவுநீர் வாரியம்) ஆட்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் வண்டியோடு வந்து அடித்தபோது சாக்கடை சேம்பரிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன. தெருவே எங்கள் கடையைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் தெரிந்த பிளம்பரைக் கூப்பிட்டு ட்ராப்பில் குச்சி விட்டுப் பார்த்தால், அடியில் சோறும் மசாலாவும் சேறாகப் படிந்து கிடக்கிறது. மிதப்பதும் படிவதும் சேர்ந்து நீர் ஆழத்தில் 25 சதவீதம் வந்தாலே காலி செய்ய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எங்களுடையது பாதிக்கு மேல்.

வழித்த கொழுப்பை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. மழைநீர் வடிகாலில்தான் என்று எனக்குச் சந்தேகம். கழிவுநீர் ஏற்றும் வண்டிக்கு உரிமம் வேண்டும், அதைக் காட்டச் சொன்னதும் ஒப்பந்தம் எடுத்தவர் போனை வைத்துவிட்டார். கட்டிய பணம் திரும்ப வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு பையனைக் கையுறைகூட இல்லாமல் தொட்டிக்குள் இறக்கப் பார்த்தார்கள், நாங்கள் விடவில்லை. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆள் இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம் தடை செய்கிறது. அழுகிய கொழுப்பிலிருந்தும் அதே விஷவாயுதான் வரும்.

இப்போது உறிஞ்சும் லாரி வைத்திருப்பவரை அழைக்கிறோம். செலவு கூடுதல்தான். தொட்டி வறண்டு தரை தெரிவதைப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறோம்.

அந்த வண்டி இப்போது எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடைக்கு வருகிறதாம். உங்களிடமும் வந்திருந்தால் இன்றே மூடியைத் திறந்து, அந்த டி பைப் இருக்கிறதா என்று பாருங்கள்.